'ஹெல்' என்னும் ஆங்கிலச் சொல்: பிறப்பும் பொருளும்

நம் போதகர்களில் பெரும்பாலோர் தமிழில் பிரசங்கிக்கிறோம். ஆனால் ஆயத்தத்தை ஆங்கிலத்திலேயே செய்கிறோம். விளக்கவுரைகள், வேத அகராதிகள், பிரசங்கத் தொகுப்புகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை அம்மொழியிலேயே இருப்பதால் இது தவிர்க்கமுடியாததே. இதில் வெட்கப்படவேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும், சனிக்கிழமை இரவில் ஆங்கிலத்தில் படித்த ஒரு சொல்லை ஞாயிறு காலையில் தமிழாக்கும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மூலமொழிச் சொல் எது என்று பாராதுவிட்டால், சபையாரின் கையிலுள்ள தமிழ் வேதத்தில் இல்லாத ஒன்றை வேதத்தின் பெயராலேயே சொல்லிவிட நேரும். இது எனக்கே நேர்ந்தது.

ஊழியத்தில் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு பாடுபட்டபின் சென்ற இடத்தைப்பற்றிப் பேசினேன். முந்தின நாள் படித்த ஆங்கிலப் பிரசங்கத்தில் 'ஹெல்' என்றிருந்தது. நான் யோசியாமல் 'நரகம்' என்றேன். ஆண்டவர் நமக்காக நரகத்துக்கே சென்றார் என்று இரண்டு மூன்று முறை அழுத்தியும் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் கப்பலில் வேலைபார்த்து நடுக்கடலில் காணாமற்போனவன், உடல் கிடைக்கவில்லை. "ஐயா, நம்ம வேதத்தில் பாதாளம் என்றுதானே போட்டிருக்கிறது? விசுவாசப் பிரமாணத்திலும் அப்படித்தானே சொல்லுகிறோம்? ஐயா நரகம் என்றீர்களே" என்றார். நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்: "என் பையனுக்குக் குழி கிடையாது. ஆனால் அவன் போன இடத்துக்கு ஆண்டவரும் போனார் என்றுதான் இத்தனை நாள் மனதைத் தேற்றியிருந்தேன்."

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தச் சொல்லின் வரலாற்றை நான் தேடத் தொடங்கியது அதன்பின்னரே.

சொல்லின் பிறப்பு

'ஹெல்' ஆங்கிலரின் சொந்தச் சொல். கிரேக்கத்திலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்த கடன்சொல் அன்று. பழைய ஆங்கிலத்திலும், அதற்கு இனமான டச்சு, ஜெர்மன், வடதேச மொழிகளிலும் இதன் உடன்பிறப்புகள் காணப்படுகின்றன. ஜெர்மனில் இது 'ஹோல்லே'. இவற்றின் அடிவேர் 'மூடு, மறை' என்னும் பொருளுடையது. தலையை மூடும் 'ஹெல்மெட்' அதே வேரின் வழியாக வந்ததாகும். லத்தீனில் 'மறைத்தல்' என்று பொருள்படும் 'கேலாரே'யும், துறவியின் சிற்றறையைக் குறிக்கும் 'செல்' என்னும் சொல்லுக்கு மூலமான 'கெல்லா'வும் அவ்வேரினவே. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் கூரை வேய்பவனுக்கு 'ஹெல்யர்' என்று பெயர். இன்றும் அது குடும்பப் பெயராக வழங்குகிறது. ஆகவே ஆதியில் 'ஹெல்' என்பது மூடி மறைக்கப்பட்ட இடம், அதாவது இறந்தோர் கண்ணுக்கு மறைந்திருக்கும் கீழிடம் என்பதே. அதில் நெருப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

வடதேசத்தார் அவ்விடத்தை ஆள்பவளுக்கும் 'ஹெல்' என்றே பெயரிட்டனர். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்த புராணக் கதைகளில் அவள் லோக்கி என்பவனின் மகள். போரில் மடியாமல் நோயாலும் முதுமையாலும் இறப்பவர் அவளிடம் சேர்வர். அவளுடைய நாடு குளிரும் மூடுபனியும் நிறைந்தது. அழகும் நற்குணமும் உடைய பால்டர் என்னும் தேவனும் இறந்தபின் அங்கேதான் செல்கிறான். துன்மார்க்கருக்கென்று ஒதுக்கப்பட்ட இடமாக அது இல்லை என்பதை இதனால் அறியலாம்.

மறைவிடம் என்னும் பழம்பொருள் ஆங்கிலரின் அன்றாடப் பேச்சிலும் நெடுங்காலம் ஒட்டியிருந்தது. தையற்காரன் தன் பலகையின்கீழ் துண்டுத் துணிகளைத் தள்ளிவிடும் இடத்துக்கு 'ஹெல்' என்று பெயர். வாடிக்கைக்காரரின் துணியில் மிஞ்சியது அங்கே மறைந்துவிடும் என்பது அக்காலத்துக் கேலி. அச்சுக்கூடத்தில் உடைந்த எழுத்துகளைப் போடும் பெட்டியின் பெயரிலும் இச்சொல் உண்டு. பிற்காலத்தில் சூதாட்ட விடுதிகளையும் அவ்வாறு அழைத்தனர். இன்று ஆங்கிலம் பேசுவோர் சினத்திலும் வியப்பிலும் இதைப் பொருளற்ற சொல்லாக வீசுவதை நம் மாணவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் கையில்

புறச்சமயச் சொல்லொன்று வேதத்துக்குள் நுழையும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பது, நம்மைப் போன்ற சபைகள் கவனித்து அறியவேண்டிய காரியம்.

இவ்வினச் சொல்லை வேதத்தில் முதலில் எடுத்தாண்டவர் 4ஆம் நூற்றாண்டில் காத்தியருக்கு வேதத்தை மொழிபெயர்த்த உல்ஃபிலா. அவர் செய்தது வியக்கத்தக்கது. கிரேக்கத்தில் 'ஹாதேஸ்' என்று வந்த இடங்களில் தம் மக்களின் 'ஹல்யா' என்னும் சொல்லை வைத்தார். அது 'ஹெல்' என்பதன் காத்திய வடிவம். ஆனால் 'கெகென்னா' என்று வந்த இடங்களில் அச்சொல்லை இடாமல், கிரேக்கச் சொல்லையே ஒலிபெயர்த்து எழுதினார். இறந்தோர் இருக்குமிடம் வேறு, கடவுளின் நியாயத்தீர்ப்பால் விழும் அழிவு வேறு என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமுவும் இவ்வேறுபாட்டைக் காத்தார்: ஹாதேசுக்குக் 'கீழிடம்' என்று பொருள்படும் 'இன்ஃபெர்னுஸ்' முதலிய சொற்கள், கெகென்னாவுக்குக் கெகென்னாவே.

ஆங்கிலத்தில்தான் எல்லை அழிந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் வழிவந்தோர் செய்த மொழிபெயர்ப்பிலேயே இரண்டுக்கும் 'ஹெல்' ஒன்றே நிற்கிறது. 1526இல் டிண்டேலும் அவ்வழியே சென்றார்; ஜெர்மனில் லூத்தரும் பெரும்பாலும் அவ்வாறே. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் 'ஹெல்' 54 முறை வருகிறது. அவற்றுள் பழைய ஏற்பாட்டில் வரும் 31 இடங்களிலும் எபிரெய மூலம் 'ஷெயோல்'. புதிய ஏற்பாட்டில் வரும் 23இல் 10 ஹாதேஸ், 12 கெகென்னா. எஞ்சிய ஒன்று 2 பேதுரு 2:4இல் வரும், தார்த்தாருவில் தள்ளுதல் என்னும் வினை. நான்கு வெவ்வேறு சொற்கள் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டன. கூரை வேய்பவனின் சொல் இவ்வகையிலும் தன் வேலையைச் செய்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இதைவிடக் குழப்பமானது ஷெயோலின் கதி. எபிரெயத்தில் அது 65 இடங்களில் வருகிறது. அரசர் மொழிபெயர்ப்பு அவற்றுள் 31 இடங்களில் 'ஹெல்' என்றும், 31 இடங்களில் 'கல்லறை' என்றும், மூன்றில் 'குழி' என்றும் போட்டது. எதை வைத்துப் பிரித்தனர்? நல்லோரைப்பற்றிய இடமானால் பெரும்பாலும் கல்லறை. தீயோரைப்பற்றியதானால் ஹெல் என்று தோன்றுகிறது. ஆனால் இவ்விதி தாவீதின் சங்கீதங்களிலேயே முறிந்துபோகிறது (சங். 16:10, 139:8). யாக்கோபின் புலம்பலில் அது முற்றிலும் பொருந்தாமற்போகிறது. யோசேப்பைத் துஷ்டமிருகம் தின்றுவிட்டது என்று நம்பிய தகப்பன், துக்கத்தோடே மகனிடத்தில் ஷெயோலுக்கு இறங்குவதாகச் சொல்லுகிறான் (ஆதி. 37:35). ஆங்கிலத்தில் அங்கே 'கல்லறை' என்றிருக்கிறது. மிருகம் தின்றவனுக்குக் கல்லறை ஏது? யாக்கோபு மனதில் கொண்டது ஒரு குழியை அன்று. மரித்தோர் அனைவரும் கூடும் இடத்தையே. இதை முதன்முறை கவனித்தபோது, கடலில் மகனை இழந்த உபதேசியாரின் முகமே என் முன் நின்றது. யாக்கோபைச் சரியாக வாசித்தவர் அவர், நான் அல்லன்.

1881இலும் 1885இலும் வெளிவந்த ஆங்கிலத் திருத்திய மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாட்டில் ஹாதேசை அப்படியே நிறுத்தியது. பழைய ஏற்பாட்டில் ஓரளவே துணிந்தது. 1901இன் அமெரிக்கத் திருத்தம் ஷெயோலை எங்கும் ஷெயோலாகவே வைத்தது. ஆயினும் நாம் கையாளும் பழைய விளக்கவுரைகளும், புகழ்பெற்ற பிரசங்கிகளின் தொகுப்புகளும் 1611இன் மொழியிலேயே பேசுகின்றன என்பதை மறக்கலாகாது.

பாதாளமும் நரகமும்

இவ்விடத்தில் தமிழ் வேதத்தின் வாசகர் ஆங்கில வாசகரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லலாம். நாம் பழைய திருப்புதல் என்று அழைக்கும் மொழிபெயர்ப்பில் ஹாதேஸ் 'பாதாளம்', கெகென்னா 'நரகம்'. மத்தேயு 11:23, 16:18, லூக்கா 16:23, அப்போஸ்தலர் 2:27, 31, வெளிப்படுத்தல் 1:18 ஆகிய இடங்களை மத்தேயு 5:22, 10:28, மாற்கு 9:43 ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இதைத் தாமே காண்பார். ஷெயோலும் பெரும்பாலும் பாதாளமே. சங்கீதம் 9:17இல் நரகம் என்றிருப்பது போன்ற விலக்குகள் உண்டு. உல்ஃபிலா காத்ததும் ஆங்கிலர் இழந்ததுமான வேறுபாடு நம் கையில் இருக்க, அதை ஆங்கிலத்தின் வழியாக நாமே போக்கடிக்கிறோம்.

இவ்விரண்டு சொற்களும் 'ஹெல்' போலவே புறச்சமயத்திலிருந்து வந்தவை. புராணங்களில் பாதாளம் கீழுலகங்கள் ஏழில் ஒன்று. அது வேதனைப்படுத்தும் இடம் அன்று. விஷ்ணு புராணத்தில் நாரதர் அங்கே சென்று வந்து, அது இந்திரனுடைய சுவர்க்கத்தைவிட அழகானது என்று புகழ்கிறார். நரகமோ தண்டனைக்குரிய இடம். மனுஸ்மிருதி 21 நரகங்களைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. ஆனால் அங்கே தங்குவது முடிவுள்ளது. வினை தீர்ந்தபின் மறுபிறப்பு உண்டு. ஆகையால் கிராமத்தில் புதிதாய்ச் சபைக்கு வருபவர் 'நரகம்' என்று கேட்கும்போது, நாம் எண்ணுவதையே அவரும் எண்ணுகிறார் என்று கொள்ளலாகாது. பழந்தமிழுக்கோ இதில் தனி வழக்கம் உண்டு. வள்ளுவர் 255, 835, 919 ஆகிய குறள்களில் ஆளும் சொல் 'அளறு'. அதற்குச் சேறு என்பதே முதற்பொருள். 121ஆம் குறளின் 'ஆரிருளை'யும் பரிமேலழகர் நரகவகையாகக் கொள்வர். நெருப்பன்று, சேறும் இருளுமே தமிழரின் பழைய உருவகம்.

கெகென்னாவின் உருவகம் வேறு. அது எருசலேமின் தெற்கிலுள்ள இன்னோம் குமாரனின் பள்ளத்தாக்கு; யூதாவுக்கும் பென்யமீனுக்கும் நடுவே எல்லையாக யோசுவா 15:8இல் சாதாரணமாகத் தோன்றும் இடப்பெயர். ஆகாசும் மனாசேயும் அங்கே தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டனர் (2 நாளா. 28:3; 33:6). யோசியா தோப்பேத்தைத் தீட்டாக்கினான் (2 இரா. 23:10). அது சங்காரப் பள்ளத்தாக்கு என்னப்படும் நாள் வரும் என்று எரேமியா உரைத்தான் (எரே. 7:32, 19:6). பிள்ளைகளைக் கொன்ற மக்களுக்கு அதே இடம் நியாயத்தீர்ப்பின் இடமாயிற்று. ஆண்டவருடைய எச்சரிக்கைக்குப் பின்னணி இதுவே.

இயேசுவின் காலத்தில் அப்பள்ளத்தாக்கு நகரத்தின் குப்பைமேடு என்றும், அங்கே நெருப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது என்றும் நாம் பிரசங்கத்தில் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இதற்கு அக்காலத்துச் சான்று இல்லை. 1200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த தாவீது கிம்கி என்னும் யூத உரையாசிரியரின் சங்கீத விளக்கத்திலேயே இச்செய்தி முதலில் காணப்படுகிறது. அகழாய்வும் இதை உறுதிசெய்யவில்லை. மாறாக, 1979இல் அப்பள்ளத்தாக்கின் மேட்டிலுள்ள கல்லறைக் குகையொன்றில் கேப்ரியேல் பார்க்காய் தலைமையிலான குழு சுருட்டப்பட்ட இரு சிறு வெள்ளித்தகடுகளைக் கண்டெடுத்தது. அவற்றில் எண்ணாகமம் 6:24-26இல் உள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தை ஒத்த வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்பர். எபிரெய வேதவாக்கியத்தைத் தாங்கி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப்பழைய பொருள்கள் இவையே. எந்தப் பள்ளத்தாக்கின் பெயரால் நரகத்தைக் குறிக்கிறோமோ, அதன் கரையில் மரித்தோரோடு அந்த ஆசீர்வாதத்தை வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. புதிய ஏற்பாட்டில் கெகென்னா 12 முறை வருகிறது. யாக்கோபு 3:6 நீங்கலாக 11 முறையும் அது ஆண்டவரின் வாய்ச்சொல். பவுல் அச்சொல்லை ஒருமுறைகூட ஆளவில்லை. ஆண்டவரும் அதை யாரிடம் சொன்னார்? சீஷர்களிடமும், வேதபாரகர் பரிசேயரிடமும். ஆயக்காரரையோ புறஜாதியாரையோ அச்சொல்லால் அவர் அச்சுறுத்தியதாக ஓரிடமும் இல்லை. தெருமுனைக் கூட்டங்களில் நாம் அச்சொல்லை யார்மேல் வீசுகிறோம் என்பதை அவரவர் எண்ணிப்பார்க்கலாம்.

சொல்லாராய்ச்சியின் எல்லை

இதுவரை சொன்னதைக் கொண்டு சிலர் அவசர முடிவுக்கு வருவதைக் கண்டிருக்கிறேன். 'ஹெல்' என்பது ஆதியில் மறைவிடம் மட்டுமே. ஆகையால் நித்திய தண்டனை என்பதே பிற்காலக் கற்பனை என்பார்கள். இது தவறான வாதம். ஒரு சொல்லின் வேர் அதன் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. வேரைத் தோண்டி அதில் உபதேசத்தைக் காண்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட வேதமொழிப் பொருளியல் நூலில் விரிவாகக் காட்டினார். ஆங்கிலச் சொல்லின் வரலாறு ஆங்கிலரைப்பற்றிச் சொல்லும். கெகென்னாவைப்பற்றி ஆண்டவர் எண்ணியதை அது சொல்லாது. அதற்கு எரேமியாவிடமும் சுவிசேஷங்களிடமும்தான் போகவேண்டும்.

ஹாதேஸ் எப்போதும் வேதனையற்ற பொது இடம் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. லூக்கா 16:23இல் ஐசுவரியவான் வேதனைப்படும் இடம் கெகென்னா அன்று, ஹாதேஸ், தமிழிலும் பாதாளமே. இரு ஏற்பாடுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், மரித்தோரின் இடத்துக்குள்ளேயே நீதிமான்களுக்கும் பாவிகளுக்கும் தனித்தனி அறைகள் உண்டு என்னும் எண்ணம் யூதரிடையே எழுந்துவிட்டது. ஏனோக்கின் நூல் 22ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். அந்த ஹாதேசும் இறுதியில் மரணத்தோடு அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறது (வெளி. 20:14). 'ஹெல்' இரண்டுக்கும் ஒன்றே என்று கொண்டால், நரகம் நரகத்தில் தள்ளப்பட்டது என்றாகும்!

விசுவாசப் பிரமாணத்தின் வாக்கியத்துக்கு வருவோம். அது முதலிலிருந்தே எங்கும் இருந்ததன்று. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஃபீனு என்பவர், தம் அக்குவிலேயா சபையின் பிரமாணத்தில் இது உண்டென்றும் ரோமாபுரியாரின் பிரமாணத்தில் இல்லையென்றும் குறிக்கிறார். லத்தீனில் அது கீழிடத்துக்கு, அல்லது கீழுள்ளோரிடத்துக்கு இறங்கியதையே சொல்லுகிறது. ஆங்கிலத்தில் 'ஹெல்' ஆனதும் இடறல் தொடங்கியது. அது ஆண்டவர் சிலுவையில் ஆத்துமாவில் அனுபவித்த தேவகோபமே என்று கால்வின் விளக்கினார். 1563இன் ஹைடல்பெர்க் வினாவிடையும் அவ்வழியே செல்லும். ஜான் வெஸ்லி 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கு அனுப்பிய மதக்கொள்கைகளில் இதைப்பற்றிய கொள்கையை நீக்கிவிட்டார். கால்வினின் விளக்கம் ஆழ்ந்தது. ஆயினும் பிரமாணத்தில் அவ்வாக்கியம் அடக்கத்துக்குப்பின் நிற்பதால், அதன் வரிசைக்கு அது பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். ஆங்கிலச் சபைகளின் வழிபாட்டுக் குழு 1988இல் வெளியிட்ட பாடத்தில் 'மரித்தோரிடத்தில் இறங்கினார்' என்று பொருள்பட மாற்றியது. நம் முன்னோர் 'பாதாளத்தில் இறங்கினார்' என்று வைத்தபோதே அந்த இடர்ப்பாட்டைத் தவிர்த்துவிட்டனர்.

அதன்பின் ஒரு நாள் மாலை உபதேசியாரின் வீட்டுக்குச் சென்றேன். நான் தவறாகச் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டு, அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தையும் யாக்கோபின் புலம்பலையும் தமிழிலேயே இருவருமாக வாசித்தோம். தம் மகன் இரட்சிக்கப்பட்டிருப்பானா என்று அவர் கேட்டார். அவன் வாலிபத்தில் சபையை விட்டு விலகியிருந்தவன். தெரியாது என்றுதான் சொன்னேன். பாதாளத்தின் திறவுகோல் யாருடைய கையில் இருக்கிறது என்று யோவானுக்குச் சொல்லப்பட்டதை மட்டும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த இடத்தை இன்னொரு தரம் வாசியுங்கள்" என்றார்.